கையகத்துச் சிற்றூர்

முதனூல், வழிநூல் என்னும் பாகுபாடு தமிழிலக்கணங் கற்றார்க்குப் பழகிய ஒன்று. முதல் ஆசிரியன் கண்ட முடிவுகளை ஏற்றுக்கொண்டு, அவற்றின்மேல் தனக்குத் தோன்றிய புதுமையையும் ஏற்றி, பழைய நெறி குலையாமல் எழுதப்படுவதே வழிநூல். நூலுக்கு வகுத்த இவ்விலக்கணம் இக்காலத்துப் புதிய கலைகளுக்கும் பொருந்தி வருகின்றது. திரைப்படமொன்று வெற்றி பெற்றால் அதற்குத் தொடர்ச்சி வருகின்றது. வீடியோ விளையாட்டுக்கும் அவ்வாறே. ஆனால் இத்தொடர்ச்சிகளுட் பல வேறுபாடு எதுவுங் கூறாது முன்னையதையே புதிய உறையிலிட்டு விற்பன. வேறு சில வேறுபாட்டிலேயே மயங்கி, முன்னையதன் முடிபைக் கைநழுவ விடுவன. வழிநூல் எனத் தகுவன மிகச் சில.

யப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோ 2005 ஆம் ஆண்டு வெளியிட்ட ‘அனிமல் குரொசிங்: வைல்ட் வேர்ல்ட்’ என்னுங் கைப்பொறி விளையாட்டு இந்நோக்கில் ஆராயத்தக்கது. முன்னதாகிய ‘அனிமல் குரொசிங்’ தொலைக்காட்சிப் பெட்டியோடு பொருத்தி வீட்டிலிருந்து ஆடுவது. பின்னதோ சட்டைப் பையில் இட்டுச் செல்லத்தக்கது. முன்னதில் நீண்ட காலம் பழகியவர் பின்னதை முதன்முதலாகக் கையில் எடுக்கும்போது அவருள்ளத்தில் மகிழ்ச்சியும் ஒருவகை இழப்புணர்ச்சியும் ஒருங்கே தோன்றுகின்றன. அவ்விழப்புணர்ச்சி பழமைப் பற்றினால் மட்டும் எழுவதா, அன்றிப் படைப்பிலேயே அதற்குக் காரணம் உளதா என்பதே இங்கு எடுத்துக்கொண்ட வினா. விளையாட்டை இலக்கியம்போல் ஆராய்வது மிகையென்று கருதுவார் உளராயின், நாடகமும் ஒரு காலத்தில் அவ்வாறே இகழப்பட்டது என்பதை மட்டும் அவர்க்கு நினைவூட்டி மேலே செல்லலாம்.

முதலாட்டத்தின் இயல்பைச் சிறிது கூறுதல் வேண்டும். அது 2001 ஏப்பிரில் 14 இல் யப்பானில் ‘நின்டெண்டோ 64’ என்னும் பொறிக்கென முதலில் வந்தது. அவ்வாண்டு திசெம்பரில் ‘கேம்கியூப்’ பொறிக்கென விரிவாக்கப்பட்டு, 2002 செப்டெம்பரில் ஆங்கில வடிவில் அமெரிக்காவை அடைந்தது. விலங்குகள் மனிதரைப் போலப் பேசி வாழும் ஊரொன்றில் மனிதப் பிறவி ஒன்று தனியே வந்து குடியேறுகின்றது. கடைக்காரனாகிய ரொம் நூக் அதற்கு ஒரு வீட்டைக் கொடுத்து, விலையைக் கடனாகத் தலையில் ஏற்றிவிடுகின்றான். அதன்பின் மீன் பிடிக்கலாம், பூச்சி பிடிக்கலாம், மரத்தை உலுக்கிப் பழம் பறிக்கலாம், அயலவர்க்குக் கடிதம் எழுதலாம், ஒன்றுஞ் செய்யாது கடற்கரையில் நடக்கவுஞ் செய்யலாம். வெல்ல வேண்டிய பகைவன் இல்லை. சேர வேண்டிய முடிவிடமும் இல்லை. கடன்கூட எக்காலத்துக்குள் தீர்க்கப்படல் வேண்டுமென்ற கெடுவின்றி, வட்டியுமின்றி இருப்பது. இத்தகைய கடன்காரனை உலகில் எங்குங் காணல் அரிது.

இவ்விளையாட்டை ஆக்கியோருள் முதல்வராகிய கற்சுயா எகுச்சி, சீபாவில் இருந்தவர். 1986 இல் நின்டெண்டோவிற் சேர்ந்து கியோத்தோவுக்குப் பெயர்ந்தார். குடும்பத்தையும் நண்பரையும் விட்டு வந்த அத்தனிமையே இவ்விளையாட்டுக்கு வித்தாயிற்று என்று அவரே பிற்காலத்திற் கூறியுள்ளார். வேலை முடிந்து பிந்தி வீடு திரும்பும் வேளையில் குடும்பத்தார் விளையாட்டில் ஈடுபட்டிருப்பதைக் கண்ட அவர், ஒரே நேரத்தில் ஒருங்கிருந்து ஆட இயலாதவர்களும் ஒன்றைத் தம்முட் பகிர்ந்து ஆடுவதற்கு வழி யாதென எண்ணியதாகவுஞ் செய்தியுண்டு. இவ்விரண்டு செய்திகளையும் மனத்திற் கொண்டு நோக்கினால் முதலாட்டத்தின் அமைப்பு முழுதும் விளங்கும். ஓர் ஊரில் நால்வர் வரை குடியேறலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவரே நடமாடலாம். காலையில் மகள் ஆடுகின்றாள். தந்தைக்கு ஒரு கடிதமெழுதி, அதனோடு ஒரு பழத்தையும் வைத்துத் தபாலிற் சேர்க்கின்றாள். இரவில் தந்தை வந்து பொறியை முடுக்கும்போது அவர் வீட்டு வாயிலிற் கடிதம் காத்திருக்கின்றது. இருவரும் அவ்வூரில் ஒருவரையொருவர் ஒருநாளுங் கண்டிலர். ஆயினும் ஒருவர் நட்ட மரத்தின் பழத்தை மற்றவர் பறிக்கின்றார். இல்லாதவர் விட்டுச் சென்ற சுவடுகளே முதலாட்டத்தின் உயிர் எனலாம்.

இச்சுவடுகளுக்கு இடந்தருவது காலம். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளென வைத்து, பொழுதைப் பெரும்பொழுது சிறுபொழுது எனப் பிரித்தது தமிழ்ப் பொருளிலக்கணம். அதனை அறியாத யப்பானியக் கலைஞர் பொறியின் உள்ளிருக்குங் கடிகாரத்தைக் கொண்டு அதே அடிப்படையிற் சென்று நின்றமை வியப்புக்குரியது. வெளியே இரவாயின் ஊரிலும் இரவு, கடை பூட்டியிருக்கும். திசெம்பராயிற் பனி மூடியிருக்கும். சிள்வண்டு கோடையில் மட்டும் மரத்திலிருந்து ஒலிக்கும். தொல்லுயிரெனப் போற்றப்படுஞ் சீலக்காந்து மீன் மழைநாளிலேயே கடலில் அகப்படும். கிழமை கூடினால் மாறுவன, மாதம் மாறினால் மாறுவன, ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வருவன எனப் பலவுண்டு. ஆடுவோன் பொறியை அணைத்துவிட்டாலும் ஊர் உறங்குவதில்லை, களை முளைக்கின்றது, அயலவருட் சிலர் ஊரைவிட்டு நீங்குகின்றனர். பல நாள் கழித்து வந்தால், இத்தனை காலமும் எங்கே போயிருந்தாய் என அயலவர் வினாவுகின்றனர். பிற விளையாட்டுகளிற் காலம் ஆடுவோனுக்காக நின்று காத்திருக்கும். இதிற் காலம் எவர்க்காகவுங் காத்திருப்பதில்லை.

இனி வழியாட்டத்துக்கு வருவோம். அது யப்பானில் 2005 நவம்பர் 23 இலும், அமெரிக்காவில் அவ்வாண்டு திசெம்பர் 5 இலும் வெளிவந்தது. அதற்குரிய பொறியாகிய நின்டெண்டோ டி.எஸ். ஒன்றன்கீழ் ஒன்றாக இரு திரைகளை உடையது. கீழ்த்திரை தொட்டெழுதத் தக்கது.

தொடக்கமே வேறுபாட்டை அறிவித்துவிடுகின்றது. முதலாட்டத்தில் வந்தேறி புகையிரதத்தில் வருகின்றான். எதிர் இருக்கையில் வந்தமரும் பூனையொன்று பெயரையும் ஊரையும் வினவுகின்றது, நிலையத்தில் வண்டி நிற்கின்றது, இறங்கியவுடன் ஊர். வழியாட்டத்தில் இரவும் மழையுமாக வாடகைக் கார் ஒன்றில் வருகின்றான். காரோட்டி கப்பன் என்னும் கடலோடி; முன்னையதில் ஓடம் வலித்தவன், இதிற் கரையேறிக் காரோட்டுகின்றான். அவன் வினாவுகின்ற வினாக்களுக்குக் கூறும் விடைகளால் வந்தேறியின் முகம் அமைகின்றது. புகையிரதம் பலரும் ஏறியிறங்குவது. அதற்குப் பாதையும் நிலையமும் வேண்டும். ஊருக்கு நடுவே அது செல்லும் ஓசை எல்லார்க்குங் கேட்கும். வாடகைக் காரோ ஒருவனுக்காக வந்து ஒருவனை இறக்கிவிட்டுச் செல்வது. நிலையம் இருந்த ஊரில் இப்போது வாயிற்காவலர் இருவர் நிற்கும் ஒரு கதவே உண்டு. இம்மாற்றத்தை ஆக்கியோர் ஆழ்ந்து எண்ணிச் செய்தாரோ அன்றி இடச்சுருக்கங் கருதிச் செய்தாரோ; எவ்வாறாயினும் பின்வருவன அனைத்துக்கும் இது முன்னறிவிப்பாய் அமைந்துவிட்டது.

அடுத்து நிலம். முதலாட்டத்தின் ஊர் சதுரங்கப் பலகைபோல 30 கட்டங்களாகப் பகுக்கப்பட்டது. ஒரு கட்டத்தின் எல்லையைத் தாண்டும்போது திரை சட்டென்று பெயர்ந்து அடுத்த கட்டத்தைக் காட்டும். மேட்டுநிலமும் பள்ளநிலமும் அவற்றை இணைக்குஞ் சரிவும் இருந்தன. வழியாட்டத்து ஊர் சிறியது. ஏறக்குறைய ஒரே மட்டமானது. ஆனால் கட்டங்கள் மறைந்தன. நடக்குந்தோறும் நிலம் உருளையொன்றின்மேற் சுற்றியது போலத் தொடுவானத்திலிருந்து மெல்ல எழுந்து வருகின்றது. தொலைவில் மரத்தின் உச்சி முதலில் தோன்றி, அடி பின்னர் தோன்றும். கடலில் வருங் கப்பலின் பாய்மரம் முதலிலும் உடல் பின்னரும் தெரிவதைக் காட்டி உலகம் உருண்டையென்று நிறுவும் பூமிசாத்திரப் பாடத்தை மாணவர் இங்கே நினைவு கூரலாம். சிறிய ஊர் பெரியதாகத் தோன்றுவது இவ்வுபாயத்தாலேயே.

எனினும் வழியாட்டத்தின் மிகச் சிறந்த புதுமை நிலத்தில் இல்லை, வானத்தில் உள்ளது. முதலாட்டத்தின் பார்வை மேலிருந்து நிலத்தையே நோக்கி நின்றமையால், நாள் முழுதும் வெளியே திரிந்தாலும் ஆடுவோன் வானத்தைக் காண்பது அரிதாயிருந்தது. கைப்பொறிக்கு இரண்டு திரைகள் வாய்த்தபோது, மேற்றிரையை வரைபடமாகவோ பொருட்பட்டியலாகவோ பயன்படுத்துவதே எவருக்கும் முதலிற் தோன்றும் எண்ணம். இவ்வாக்கியோர் அதனை வானத்துக்கு விட்டுக்கொடுத்தனர். வெளியே நடக்கும்போது மேலே முகில் செல்கின்றது. அந்திச் சிவப்புப் படர்கின்றது. பரிசுப்பொதி கட்டிய பலூன் காற்றில் மிதந்து போகின்றது, அதனைக் கவணால் அடித்து வீழ்த்தலாம். இரவில் எரிமீன் விழுகின்றது. கையில் எதுவுமின்றி நின்று அதனை வேண்டிக்கொண்டால் மறுநாட் பரிசோடு கடிதம் வருகின்றது. கையில் தூண்டில் இருப்பவனுக்கு இப்பேறு இல்லை என்பது சிறிய விதியே. ஆயினும் ஆராய்ந்து வைத்த விதி. நூதனசாலையின் மாடியில் வானாய்வுக்கூடம் ஒன்றுண்டு. அங்குள்ள ஆந்தைப் பெண் செலெஸ்ற்றின் துணையோடு விண்மீன்களைக் கோடிட்டு இணைத்துத் தன் விருப்பப்படி விண்மீன் கூட்டம் அமைத்துப் பெயரும் இடலாம். அது பின்னர் அவ்வூரின் இரவு வானத்தில் தோன்றும். வீட்டுப்பொறியில் இத்துணை அகலத் திரையிருந்தும் இல்லாத வானம், உள்ளங்கையளவு பொறியில் வந்து சேர்ந்தது. வழிநூலாசிரியன் தான் வேண்டிய வேறுபாட்டைக் கூறும் இடம் இதுவே. இவ்விடத்தில் அவன் முதனூலாசிரியனையும் விஞ்சினான் என்று துணிந்து கூறலாம்.

கீழ்த்திரையின் பயன் இவ்வளவு அரியதன்று, ஆயினும் வசதியானது. எழுத்தாணி கொண்டு திரையைத் தொட்டே நடத்தலாம், ஓடலாம். சட்டைக்கும் குடைக்குங் கோலம் வரையலாம். கடிதம் எழுதுவது மிக எளிதாயிற்று. முன்னர் ஓரெழுத்தைத் தெரிவதற்கும் விசையைப் பலகாற் தட்ட வேண்டியிருந்தது. இப்போது எழுத்துகளை எழுத்தாணியால் தொட்டால் போதும். மலர்களுக்கு நீர் வார்த்தலும், இருநிற மலர்களை அருகருகே நட்டுப் புதுநிறம் பெறுதலும் புதியன. மீனும் பூச்சியும் பழையனவே, சில கூடின.

இவ்வளவு ஆதாயத்துக்கும் எதிரே வைக்க வேண்டிய இழப்பு ஒன்றுண்டு. முதலாட்டத்தில் நால்வர்க்கும் நான்கு வீடுகள் இருந்தன. நால்வர்க்கும் தனித்தனிக் கடன். மகளின் வீட்டு முற்றத்தைக் கடந்து தந்தை தன் வீட்டுக்குச் செல்வார். விளக்கெரிகின்றதா, வாயிலில் என்ன கிடக்கின்றது என்று பார்ப்பார். அயல்வீடு என்ற உணர்ச்சி இதனாலேயே உண்டாயிற்று. வழியாட்டத்தில் நால்வரும் ஒரே வீட்டில், மேன்மாடத்தில் நான்கு படுக்கைகளோடு வாழவேண்டும். வீடும் ஒன்று, கடனும் ஒன்று. ஒருவர் அடுக்கிய பொருளை இன்னொருவர் நகர்த்தினால் வழக்குக்கு இடமில்லை. அது அவர் வீடுமாகும். இதனை ஒற்றுமைக்குச் சான்றாக எடுத்துப் புகழ்வாரும் இருக்கலாம். அது பொருந்தாது. ஒரு குடும்பத்தார் ஒரே கூரையின்கீழ் வாழ்தல் அவர்களுடைய மெய்யான வாழ்க்கையிலேயே உள்ளது. விளையாட்டு அவர்க்குக் கொடுத்தது ஒருவர்க்கொருவர் அயலவராகும் புதுமை. தந்தைக்கு மகள் கடிதமெழுதுவதற்கு நியாயம் அவர்கள் வெவ்வேறு வாயில்களை உடையராயிருந்தமையே. ஒரே வாயிலில் வாழ்வார்க்குக் கடிதம் எதற்கு?

இதற்குக் காரணத்தைக் கைப்பொறியின் இயல்பிலேயே தேடவேண்டும். தொலைக்காட்சிப் பெட்டி வீட்டாருக்குப் பொது. அதன் முன் முறை வைத்து இருக்க வேண்டும். கைப்பொறி ஒருவருடைய பையிற் செல்வது. மகள் அதனைப் பாடசாலைக்குக் கொண்டு சென்றபின் தந்தை ஆடுவதற்கு ஊர் வீட்டில் இல்லை. ஊரே அவளோடு சென்றுவிட்டது. ஆகவே, ஒரு தகட்டில் ஒருவரே ஆடுவர் என்று ஆக்கியோர் எதிர்பார்த்து, நால்வர்க்குரிய ஏற்பாட்டைப் பெயரளவில் வைத்துக்கொண்டனர் போலும். அயலவர் தொகையுங் குறைந்தது: முன்னர் 15 விலங்குகள் வரை வாழ்ந்த ஊரில் இப்போது எட்டுக்கு மேல் இல்லை. ஒரு மனிதனும் எட்டு விலங்குகளும் என்பது ஊரா, விடுதியா என்று கேட்பார்க்கு விடை கூறுதல் கடினம்.

வீட்டாரை இழந்த ஊர் அதற்கு ஈடாகப் பெற்றது தொலைவிலுள்ள நண்பரை. முதலாட்டத்தில் நண்பன் ஊருக்குச் செல்ல வேண்டுமாயின் அவனுடைய நினைவுத் தகட்டை வாங்கிவந்து பொறியில் இரண்டாவதாகச் செருகி, புகையிரதம் ஏறவேண்டும். போய்ச் சேர்ந்தால் ஊர் இருக்கும், நண்பன் இருக்கமாட்டான். வழியாட்டத்தில் கம்பியில்லாத் தொடர்பின்வழி நால்வர் ஓர் ஊரில் ஒரே நேரத்திற் கூடலாம். அருகிலிருந்தும் கூடலாம், நின்டெண்டோவின் இணையத் தொடர்பின்வழி அமெரிக்காவிலிருந்து யப்பானுக்கும் போகலாம். பன்னிரண்டு இலக்கங் கொண்ட குறியெண்ணை இருவரும் ஒருவர்க்கொருவர் அறிவித்துப் பதிந்த பின்னரே கதவு திறக்கும். இவ்வேற்பாடு தொல்லையானது எனப் பலர் குறைகூறினர்; சிறுவர் பெரிதும் ஆடும் விளையாட்டில் அன்னியர் நுழையாதிருக்க அது காவலாயிற்று என்பதை மறத்தலாகாது.

ஆனால் கூடியிருந்து என்ன செய்வது? முதன்முறை கூடுவார் ஓடித்திரிந்து, கோடரியாற் பயமுறுத்தி, பழம் பரிமாறி மகிழ்வர். ஒரு மணித்தியாலம் சென்றபின் செய்வதற்கு அதிகமில்லை. இவ்விளையாட்டின் அமைப்பு ஒருவர் இல்லாதபோது இன்னொருவர் வருவதற்கென ஆக்கப்பட்டது; இருவரும் ஒருங்கு நிற்கும்போது அது பேச்சற்று விடுகின்றது. மாறாக, நண்பர் சென்றபின் நிகழ்வனவே சுவையானவை. ஒருவர் ஊரைவிட்டு நீங்கிய விலங்கு, தொடர்புற்ற இன்னொருவர் ஊரிற் குடியேறுகின்றது. பழைய ஊரில் அதற்குக் கற்பித்த சொற்றொடரை அது புதிய ஊரிலும் வாக்கியந்தோறுஞ் சொல்கின்றது; அங்கு பெற்ற சட்டையை அணிந்திருக்கின்றது; விட்டுவந்தவரைப் பற்றிப் பேசுகின்றது. அங்கிருந்து இன்னோர் ஊர், பின் இன்னோர் ஊர். ஒருவர் விளையாட்டாக உண்டாக்கிய சொல், அவர் முகமும் அறியாதார் ஊரில் வழங்குகின்றது. கடற்கரையில் ஒதுங்கும் புட்டிக் கடிதங்களும் இத்தகையன. கூடியிருக்கும் இன்பத்தைத் தரமுயன்ற வழியாட்டம், அம்முயற்சியில் அரைகுறையாகவே வென்று, தான் அதிகம் பாராட்டாத இவ்விடத்தில் முதலாட்டத்தின் உயிரைத் தொட்டுவிட்டது.

திருநாள்களைப் பற்றியும் ஒரு சொல். முதலாட்டத்தின் ஆங்கில வடிவில் ஹலோவீன் இருந்தது. அறுவடை விருந்து இருந்தது. திசெம்பர் 24 இற் கலைமான் ஒன்று பரிசோடு வந்தது. வழியாட்டத்தில் இவை நீக்கப்பட்டு எந்நாட்டுக்கும் உரியனவல்லாத புதுத்திருநாள்கள் புகுத்தப்பட்டன: கருவாலிக் கொட்டை சேர்க்கும் விழா ஒன்று, வீடுகளுக்கு விளக்கலங்காரஞ் செய்யும் நாளொன்று, ஊர்ப்பாடலுக்கென ஒரு நாள். பல நாட்டவர் கூடும் ஊரில் ஒருவர் திருநாள் மற்றவர்க்கு அன்னியமாகலாம் என்ற எண்ணம் நேர்மையானதே. ஆனால் எல்லார்க்கும் பொதுவாக ஆக்கப்பட்ட திருநாள் எவர் நினைவையும் தொடுவதில்லை. வெளியே வீட்டில் மெய்யான விழா நடக்கும்போது கைக்குள்ளிருக்கும் ஊரில் அன்று வெறும் நாளாயிருப்பது, கடிகாரத்தை உயிராகக் கொண்ட விளையாட்டுக்கு முரண்பாடு. காலம் உண்மையெனிற் காலத்தின் அடையாளங்களும் உண்மையாதல் வேண்டும்.

வேறு சில இழப்புகளும் உண்டு. முதலாட்டத்தில் வீட்டுத் தளபாடம்போல வைத்து ஆடக்கூடிய பழைய நின்டெண்டோ விளையாட்டுகள் வழியாட்டத்தில் இல்லை. அதற்காக வருந்துவார் வருந்தட்டும், ஊருக்கு அதனாற் குறைவில்லை. நூதனசாலையின் கீழ்த்தளத்தில் வந்த கோப்பிக்கடையோ நல்ல வரவு. பேச விரும்பாத புறா ஒன்று அதனை நடத்துகின்றது. சனிக்கிழமை இரவு நாயொன்று அங்கே கித்தார் வாசிக்கின்றது. முன்னையதில் அதே நாய் புகையிரத நிலையத்தின் முன் திறந்தவெளியில் வாசித்தது. உள்ளே வந்தமை இசைக்கு நன்றா தீதா என்பது கேட்போர் விருப்பம். பனிக்காலத்தில் வெளியே நின்று கேட்டதன் சுவை தனிதான். தையற்கடையில் இரு சகோதரிகளுள் மூத்தவள் முதலில் முகங்கொடுத்தும் பேசாள். நாடோறுஞ் சென்று பேசினால், நாட்கள் பல கழிந்தபின், சிறிது சிறிதாகத் தன் குடும்பக் கதையைச் சொல்லத் தொடங்குவாள். ஒரு கதாபாத்திரத்தின் கூச்சத்தை மெய்யான நாட்களால் அளந்து காட்டுவது நாவலாசிரியனுக்குங் கிட்டாத வசதி.

வழியாட்டம் விற்பனையில் மிகப் பெரு வெற்றி பெற்றது. உலகெங்கும் 1 கோடி 10 இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயின. ஆயினும் அதனை ஆக்கியோர் தாமே அதிற் சிலவற்றைப் பின்னர் மாற்றினர் என்பது கருதத்தக்கது. 2008 இல் ‘வீ’ என்னும் வீட்டுப்பொறிக்கென வந்த அடுத்த ஆட்டத்தில் நால்வர்க்கும் நான்கு வீடுகள் திரும்பி வந்தன. நீக்கப்பட்ட திருநாள்களும் வந்தன. 2012 இல் யப்பானில் வந்த அடுத்த கைப்பொறி ஆட்டத்திலும் தனி வீடுகளே. வானம் மட்டும் நீங்காது நிலைத்தது. கைப்பொறியின் இயல்பால் ஒரு வீடே தவிர்க்க முடியாததாயிற்று என்று மேலே கூறிய காரணம் முழுக் காரணமாகாது என்பதையும் 2012 ஆம் ஆண்டு ஆட்டம் காட்டுகின்றது, அதுவுங் கைப்பொறியே. வழியாட்டத்தில் இடமும் காலமும் போதாமற் செய்த சுருக்கம் என்றே இதனைக் கொள்ளல் வேண்டும். 2020 மார்ச்சில், பெருந்தொற்றால் உலகம் வீட்டுக்குள் அடைபட்ட வேளையில் வந்த பிந்திய ஆட்டத்தை கோடிக்கணக்கானோர் ஆடி, பிறந்தநாளும் மணவிழாவும்கூட அதன் தீவுகளிற் கொண்டாடினர். தொலைவிலுள்ளாரை ஊருக்கு அழைக்கும் அவ்வழியை முதலில் திறந்தது 2005 ஆம் ஆண்டுக் கைப்பொறி ஆட்டமே.

அதன் சொந்தக் கதவோ இப்போது பாதி மூடியது. 2014 மே 20 இல் நின்டெண்டோ அப்பொறிக்குரிய இணையத் தொடர்பை நிறுத்திவிட்டது. அருகருகே இருக்கும் பொறிகள் இன்னும் ஒன்றையொன்று அறியும். கடல் கடந்து வருவார் இல்லை. வாயிற்காவலர் இருவரும் முன்போலவே நின்று, கதவைத் திறக்கவா என்று கேட்கின்றனர்.

பழைய தகடுகள் இன்றும் கைமாறி விற்கப்படுகின்றன. ஊர் தகட்டிலேயே பதிந்திருப்பதால், விற்றவர் அழிக்க மறந்திருப்பாராயின், வாங்கியவர் பெறுவது வெறுந்தகடன்று. ஒருவர் வாழ்ந்து விட்டுச் சென்ற ஊர். களை மண்டியிருக்கும். மரங்கள் வரிசையாக நட்டிருக்கும். யாரோ எண்ணி நட்டவை. இரவில் மேற்றிரையைப் பார்த்தால் யாரோ இணைத்த விண்மீன் கூட்டம் எழுந்து நிற்கும். முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். அழிக்க மனமில்லாதவர் இரண்டாவது குடியாகச் சேரலாம். அப்போது ரொம் நூக் அவருக்குத் தனி வீடு தரமாட்டான், மேன்மாடத்திற் காலியாயிருக்கும் படுக்கையைத்தான் தருவான். கீழே அறையில் முன்னவர் அடுக்கிய பொருள்கள் அவர் வைத்த இடத்திலேயே இருக்கும்.